ஒரு கவளம் சோற்றில் எவ்வளவு சக்தி?

தட்டில் உள்ள மூன்று சத்துகள் – கணக்குத் தெரிந்தால் குடும்பத்துக்கே நன்மை!

அமெரிக்காவில் கனெக்டிகட் என்று ஒரு மாகாணம். அங்கே மிடில்டவுன் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில், 100 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விசித்திரமான அறை கட்டப்பட்டது.

அறை மிகச் சிறியது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு மேஜை. அவ்வளவுதான். 1896-ம் ஆண்டில் ஓர் ஆள் அதற்குள் புகுந்தார். கதவு இறுக அடைக்கப்பட்டது. வெளிக்காற்று ஒரு துளிகூட உள்ளே புக முடியாது. மூச்சு விடுவதற்கான காற்றை இயந்திரம் அளந்து அனுப்பியது.

பகல் போனது. இரவு போனது. ஆள் வெளியே வரவில்லை. சாப்பாடு ஒரு சிறு துவாரத்தின் வழியாக உள்ளே போனது. அதையும் எடை போட்டுத்தான் அனுப்பினார்கள். அவர் விட்ட மூச்சைச் சோதித்தார்கள். கழித்த மலத்தையும் சிறுநீரையும்கூட எடை போட்டார்கள்!

அவர் என்ன கைதியா? இல்லை. மனமுவந்து உள்ளே போனவர்.

எதற்காக இத்தனை பாடு? ஒரே ஒரு கேள்விக்கு விடை காண. "மனிதன் சாப்பிடும் சாப்பாடு உடம்பில் என்ன ஆகிறது?" இதுதான் கேள்வி.

இதைக் கேட்டவர் வில்பர் ஆட்வாட்டர் என்ற விஞ்ஞானி. அறையைக் கட்ட அவருக்குத் துணை நின்றவர் எட்வர்ட் ரோசா. அறையின் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடியது. உள்ளே இருக்கும் ஆளின் உடல் உஷ்ணத்தை அந்தத் தண்ணீர் வாங்கிக் கொள்ளும். தண்ணீர் எவ்வளவு சூடானது என்று பார்த்தால், உடம்பு எவ்வளவு உஷ்ணத்தை வெளியிட்டது என்று தெரிந்துவிடும்.

சும்மா படுத்திருந்தபோது அளந்தார்கள். உள்ளே நிறுத்தி வைத்த சைக்கிளை மிதிக்கச் சொல்லியும் அளந்தார்கள். கடைசியில் கணக்குப் போட்டபோது ஆச்சரியம் காத்திருந்தது. வரவும் செலவும் சரியாக இருந்தன! சாப்பாட்டில் எவ்வளவு சக்தி உள்ளே போனதோ, அவ்வளவும் உஷ்ணமாகவும் உழைப்பாகவும் உடம்பின் சேமிப்பாகவும் கணக்கில் வந்துவிட்டது.

உடம்பு மாயம் செய்வதில்லை. மளிகைக் கடைக்காரரின் பேரேட்டைப் போல அது கணக்கு வைக்கிறது.

உடம்புக்குள் ஓர் அடுப்பு

ஆட்வாட்டருக்கும் முன்னால் இந்த வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் லவாய்சியர். பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி.

1782-ம் ஆண்டு முடிந்து 1783-ம் ஆண்டு பிறந்த பனிக்காலம். லவாய்சியரும் அவருடைய நண்பர் லாப்லாசும் ஒரு பாத்திரத்தைச் செய்தார்கள். பாத்திரத்தைச் சுற்றிலும் பனிக்கட்டியை நிரப்பினார்கள். நடுவே கினிப்பன்றி என்ற சிறு பிராணியை உட்கார வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் பனிக்கட்டி உருகியது. 10 மணி நேரத்தில் 13 அவுன்ஸ் பனிக்கட்டி தண்ணீராகிவிட்டது.

லவாய்சியர் முடிவு சொன்னார். உடம்புக்குள் நடப்பதும் ஒருவகை எரிதல்தான். அடுப்பில் விறகு எரிய காற்று வேண்டும். உடம்பில் உணவு எரியவும் காற்று வேண்டும். அடுப்பில் தீ தெரிகிறது. உடம்பில் தீ தெரிவதில்லை. மெல்ல மெல்ல எரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மேதைக்குக் கிடைத்த முடிவு கொடுமையானது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-ம் ஆண்டு மே 8-ந்தேதி அவருடைய தலை வெட்டப்பட்டது. ஆனால் அவர் தொடங்கி வைத்த கணக்கு நிற்கவில்லை.

கலோரி என்றால் என்ன?

துணியை மீட்டரால் அளக்கிறோம். பாலை லிட்டரால் அளக்கிறோம். உணவில் உள்ள சக்தியைக் கலோரியால் அளக்கிறார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் சூட்டை ஒரே ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்த எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ, அதுதான் உணவுக் கணக்கில் ஒரு கலோரி. விஞ்ஞானப் புத்தகங்களில் இதையே "கிலோ கலோரி" என்று எழுதுவார்கள். பிஸ்கட் பொட்டலத்தில் கிலோ கலோரி என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். டாக்டர்கள் பேச்சில் "கலோரி" என்று சொல்வதும் அதையேதான்.

கலோரி என்பது ஒரு சத்து அல்ல. அதைத் தனியாக எடுத்துக் கையில் வைத்துக் காட்ட முடியாது. அது ஓர் அளவு. அந்தச் சக்தியைக் கொடுக்கும் சத்துகள் மூன்று: மாவுச்சத்து, புரதச்சத்து, கொழுப்புச்சத்து.

மூன்று சத்துகள், மூன்று வேலைகள்

மாவுச்சத்து அன்றாட விறகு. அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றில் நிறைய இருக்கிறது. சர்க்கரையும் வெல்லமும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். நடக்க, ஓட, நினைக்க உடனே கைகொடுப்பது மாவுச்சத்து.

புரதச்சத்து கொத்தனார். தசை, தோல், இரத்தம், முடி, நகம் எல்லாவற்றையும் கட்டுவது அதுதான். பருப்பு, பயறு, கடலை, பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இருக்கிறது.

கொழுப்புச்சத்து குதிர். அறுவடைக் காலத்தில் நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல, மிஞ்சிய சக்தியை உடம்பு கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. எண்ணெய், நெய், வெண்ணெய், தேங்காய், நிலக்கடலை, எள் ஆகியவற்றில் கொழுப்பு அதிகம். சில வைட்டமின்கள் கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் சேரும். எனவே கொழுப்பை அடியோடு விலக்குவதும் தவறு.

இப்போது ஆட்வாட்டர் சொன்ன கணக்குக்கு வருவோம்.

மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி.
புரதச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி.
கொழுப்புச்சத்து ஒரு கிராமுக்கு 9 கலோரி.

நாலு, நாலு, ஒன்பது! இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்தால் போதும். உலகம் முழுவதும் இன்றைக்கும் உணவுக் கணக்கு இந்த எண்களில்தான் நடக்கிறது. இவை சராசரி எண்கள். பண்டத்துக்குப் பண்டம் சிறிது கூடும், குறையும். வீட்டுக் கணக்குக்கு இது போதும்.

தண்ணீருக்குக் கலோரி இல்லை. வைட்டமினுக்கும் உப்புக்கும் கலோரி இல்லை. ஆனால் அவை இல்லாமல் உயிர் இல்லை. சாராயத்துக்குக் கிராமுக்கு 7 கலோரி உண்டு. ஆனால் அது உடம்பைக் கட்டாது, கெடுக்கும்.

கொழுப்புக்கு மட்டும் ஏன் ஒன்பது?

காய்ந்த விறகையும் பாதி எரிந்த கட்டையையும் அடுப்பில் வைத்தால் எது அதிக நேரம் எரியும்? காய்ந்த விறகுதான். பாதி எரிந்த கட்டையில் பாதிச் சக்தி ஏற்கெனவே போய்விட்டது.

மாவுச்சத்தும் அப்படித்தான். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதில் ஏற்கெனவே நிறையச் சேர்ந்திருக்கிறது. அதாவது, அது கொஞ்சம் எரிந்த கட்டை. கொழுப்பில் பிராணவாயு மிகக் குறைவு. அது காய்ந்த விறகு. அதனால்தான் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி கொடுக்கிறது.

புரதத்தின் கதை வேறு. இரும்புப் பாத்திரத்தில் வைத்து எரித்தால் புரதம் கிராமுக்கு 5 கலோரிக்கு மேலேயே தருகிறது. உடம்பில் அவ்வளவு கிடைப்பதில்லை. புரதத்தின் ஒரு பகுதியை உடம்பால் முழுவதும் எரிக்க முடியாது. அது யூரியா என்ற கழிவாகச் சிறுநீரில் போய்விடுகிறது. சிறுநீரை எதற்காகச் சோதித்தார்கள் என்று இப்போது புரிகிறது அல்லவா?

ஓர் இலைச் சாப்பாட்டின் கணக்கு

ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. ஒருவருக்கு ஆகும் பண்டங்களைச் சமைப்பதற்கு முன் எடை போட்டதாக வைத்துக் கொள்வோம்.

அரிசி 150 கிராம். இதில் சுமார் 525 கலோரி. புரதம் 12 கிராம்.
துவரம்பருப்பு 25 கிராம். சுமார் 80 கலோரி. புரதம் 5 கிராம்.
எண்ணெய் 2 தேக்கரண்டி. சுமார் 80 கலோரி. புரதம் இல்லை.
காய்கறி 100 கிராம். சுமார் 30 கலோரி. புரதம் 2 கிராம்.
தயிர் 100 கிராம். சுமார் 60 கலோரி. புரதம் 3 கிராம்.

ஆக மொத்தம் 775 கலோரி. புரதம் 22 கிராம். கலோரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அரிசியிலிருந்தே வருகிறது!

இப்போது ஒரு சிறு மாற்றம். அரிசியை 100 கிராமாகக் குறைக்கலாம். பருப்பை 50 கிராமாகக் கூட்டலாம். காய்கறியை இரண்டு மடங்காக்கலாம். எண்ணெயும் தயிரும் அப்படியே இருக்கட்டும்.

என்ன ஆகிறது? மொத்தம் 710 கலோரி. புரதம் 25 கிராம். கலோரி குறைந்தது, புரதம் கூடியது. காய்கறி அதிகமானதால் வயிறும் நிறைந்தது.

பருப்பு விலை கட்டுப்படியாகவில்லையா? ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, 70 கலோரி. 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆனால் கடலையில் எண்ணெயும் உண்டு. எனவே 160 கலோரிக்கு மேல் போகும். அளவோடு கொறிக்க வேண்டும்.

இட்லியில் ஒரு ரகசியம்

புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. 20 வகைச் சிறு செங்கற்களால் கட்டிய சுவர் அது. அவற்றில் 9 வகைச் செங்கற்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

அரிசியில் லைசின் என்ற செங்கல் குறைவு. உளுந்தில் அது நிறைய இருக்கிறது. உளுந்தில் மெதியோனின் என்ற செங்கல் குறைவு. அரிசியில் அது போதுமான அளவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அரைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. இட்லி, தோசை, பொங்கல், பருப்புச் சாதம், அடை எல்லாவற்றிலும் இந்த ஒற்றுமை இருக்கிறது.

லைசின் என்ற பெயரே தெரியாத காலத்தில் பாட்டிமார்கள் கண்ட சேர்மானம் இது!

சவலைப் பிள்ளையின் கதை

அடுத்த குழந்தை வயிற்றில் உண்டானதும் முதல் குழந்தையின் தாய்ப்பால் நின்றுவிடும். அந்தக் குழந்தை இளைத்து, சோர்ந்து போகும். அதைத் தமிழ்நாட்டில் "சவலைப் பிள்ளை" என்பார்கள்.

ஆப்பிரிக்காவிலும் இதே துயரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. இன்று கானா என்று வழங்கும் நாட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். கால் வீங்கி, முடி நிறம் மாறி, குழந்தைகள் இறப்பதைக் கண்டார். அந்த ஊர் மக்கள் அதைக் "குவாஷியார்கர்" என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். 1935-ம் ஆண்டில் அந்தப் பெயரை அவர் உலகுக்குச் சொன்னார். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள். தாய்மார்களின் கவலை ஒன்று!

இந்தக் குழந்தைகளுக்கு என்ன குறை? புரதக் குறைதான் என்று உலகம் நம்பியது. 1968-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையே புரத நெருக்கடி வரப்போகிறது என்று அறிக்கை வெளியிட்டது. புரத மாவு செய்வதற்கான திட்டங்கள் பல நாடுகளில் நடந்தன.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் சேலத்தில் பிறந்த ஒரு தமிழர்.

அவர் டாக்டர் சி. கோபாலன். 1918-ம் ஆண்டில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் பிறந்த அதே ஆண்டில்தான் நீலகிரி மலையில், குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஓர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். அந்தக் கூடம் 1958-ம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். கோபாலன் குன்னூரில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஐதராபாத்தில் அதன் தலைவராக உயர்ந்தார்.

அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஏழைக் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்தார்கள். புரதம் பெரும்பாலும் ஓரளவு இருந்தது. பெரிய குறை சாப்பாட்டின் அளவில்தான் இருந்தது. அதாவது, கலோரி போதவில்லை!

கலோரி போதாதபோது உடம்பு என்ன செய்யும்? அடுப்பு அணையக் கூடாதே! புரதத்தை எடுத்து எரிக்கும். வீடு கட்ட வாங்கி வைத்த தேக்கு மரத்தை, விறகு இல்லை என்று அடுப்பில் வைப்பதைப்போல. பிறகு வீடு எப்படி எழும்பும்? குழந்தை எப்படி வளரும்?

கோபாலன் குழுவினர் இதைச் செய்தும் காட்டினார்கள். சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக ஓர் உணவு கொடுத்தார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் மூன்றையும் சேர்த்துச் செய்தது. அதில் 310 கலோரி இருந்தது. புரதம் வெறும் 3 கிராம்!

நாலு-நாலு-ஒன்பது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 கிராம் புரதம் என்றால் 12 கலோரி. மீதி 298 கலோரியும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் கொடுத்தவை. அப்படியும் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட நன்றாக வளர்ந்தார்கள். எடை கூடியது, உயரமும் கூடியது. 1973-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியானது.

சர்க்கரையும் எண்ணெயும் குழந்தைக்கு நல்ல உணவு என்பது இதன் பொருள் அல்ல. வயிறார உணவு கிடைத்தால்தான் பருப்பும் பாலும் தங்கள் வேலையைச் செய்ய முடியும் என்பதே பொருள். கோபாலன் 2019-ம் ஆண்டில், 100 வயது கடந்தபின் காலமானார்.

கஞ்சியில் ஒரு கரண்டி எண்ணெய்

இந்த உண்மை ஒவ்வொரு தாய்க்கும் பயன்படும்.

10 கிராம் அரிசியைப் போட்டு ஒரு டம்ளர் கஞ்சி காய்ச்சினால் அதில் 35 கலோரிதான் இருக்கும். மீதி எல்லாம் தண்ணீர். 1 வயதிலிருந்து 3 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி தேவை. கஞ்சியை மட்டும் நம்பினால் ஏறக்குறைய 29 டம்ளர் குடிக்க வேண்டும்! குழந்தையின் வயிறோ கையளவு.

"என் பிள்ளை வயிறு நிறையக் குடித்தானே, ஏன் தேறவில்லை?" என்று தாய் தவிப்பாள். வயிறு நிறைந்தது உண்மை. தண்ணீரால் நிறைந்தது.

அதே கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டால் 40 கலோரி கூடும். மசித்த பருப்பையும் சேர்த்தால் புரதமும் வந்துவிடும். 6 மாதம் முடிந்ததும் இப்படிப்பட்ட உணவைத் தொடங்கலாம். தாய்ப்பாலை 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

தாத்தா ஏர் பிடித்தார், பேரன்?

குறை ஒரு பக்கம் என்றால், மிகுதி இன்னொரு பக்கம்.

கடினமாக உழைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2,110 போதும். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660 போதும். இவை 2020-ம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன அளவுகள்.

தாத்தா ஏர் பிடித்தார். வரப்பு வெட்டினார். மண்வெட்டி தூக்கினார். மலைபோல் சோறு சாப்பிட்டார். அது எரிந்து போனது. பேரன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். இருவருக்கும் உள்ள வித்தியாசம் 1,360 கலோரி. அரிசியாகச் சொன்னால் சுமார் 390 கிராம்! தாத்தாவின் தட்டைப் பேரன் வைத்துக் கொண்டால், அந்த 390 கிராம் எங்கே போகும்? வயிற்றைச் சுற்றித்தான் போகும்.

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக 2023-ம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக, அதே குழுவினர் 2025-ம் ஆண்டில் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி தீட்டிய வெள்ளை அரிசியும், மைதாவும், சர்க்கரையும்தான்.

அப்படியானால் சோறு விஷமா? இல்லவே இல்லை. சோறு தனியாக ஆட்சி செய்வதுதான் கெடுதல்.

2024-ம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அது சொல்லும் அளவு இது: தானியம் 250 கிராம். பருப்பு, பயறு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். பழம் 100 கிராம். கடலை, எள் போன்றவை 35 கிராம். பால் 300 மில்லி. எண்ணெய் 27 கிராம்.

கடைசியில் சாப்பிடுகிறவள்

இன்னொரு கணக்கு இருக்கிறது. அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

பல வீடுகளில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போகத்தான் வீட்டுக்காரி சாப்பிடுவாள். அப்போது பானையில் சோறு இருக்கும். குழம்பில் தான் இருக்காது. கூட்டு தீர்ந்திருக்கும். ரசத்தையும் ஊறுகாயையும் வைத்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். வயிறு நிறைந்துவிடும். புரதம்?

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். கர்ப்பமாக இருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். கலோரியும் 350 கூட வேண்டும். குழந்தை பிறந்து முதல் 6 மாதம் பால் கொடுக்கும்போது நாளைக்கு 600 கலோரி கூட வேண்டும். வெறும் சோற்றை இன்னும் கொஞ்சம் போட்டுக் கொண்டால் கலோரி வரும். புரதம் போதாது.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. பருப்பை இறக்கியதும் அம்மாவின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் போதும். முடிந்தால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது.

சில தவறான நம்பிக்கைகள்

சப்பாத்திக்குக் கலோரி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் உள்ள கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். கோதுமையில் புரதமும் நாரும் கொஞ்சம் அதிகம். ஆனால் 6 சப்பாத்தியும் எண்ணெய் ஊற்றிய குருமாவும் சாப்பிட்டால் கலோரி குறையாது.

வெல்லம் சாப்பிட்டால் பரவாயில்லை என்பதும் தவறு. கலோரியில் வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. நீரிழிவு நோயாளிக்கு இரண்டுமே ஆகாது.

"கொலஸ்டிரால் இல்லாத எண்ணெய்" என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் இருப்பதில்லை. கடலை எண்ணெயோ, நல்லெண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ, எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

டீ, காப்பியில் போடும் சர்க்கரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு தேக்கரண்டி சர்க்கரை 20 கலோரி. டம்ளருக்கு 2 கரண்டி, நாளைக்கு 4 டம்ளர் என்றால் சர்க்கரை மட்டும் 160 கலோரி! அதில் புரதமும் இல்லை, வைட்டமினும் இல்லை.

பொட்டலத்தைப் படியுங்கள்

கடைப் பொட்டலங்களின் பின்பக்கம் சிறு எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது.

உதாரணமாக, 100 கிராம் பிஸ்கட்டில் மாவுச்சத்து 75 கிராம், புரதம் 7 கிராம், கொழுப்பு 15 கிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக் கொள்வோம். 75-ஐ 4-ஆல் பெருக்கினால் 300. 7-ஐ 4-ஆல் பெருக்கினால் 28. 15-ஐ 9-ஆல் பெருக்கினால் 135. கூட்டினால் 463 கலோரி. முன்னால் பார்த்த மதியச் சாப்பாட்டில் பாதிக்கு மேல்! ஆனால் அதில் கிடைக்கும் புரதம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். கட்டத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்கும். பொட்டலம் 50 கிராம் என்றால் பாதியாக்க வேண்டும். 200 கிராம் என்றால் இரண்டு மடங்காக்க வேண்டும்.

நீரிழிவு நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் தாங்களாகவே உணவை மாற்றக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்குத் தராசும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். பெருக்கல் வாய்பாடு தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். அவன் கையில் பொட்டலத்தைக் கொடுங்கள். "நாலு, நாலு, ஒன்பது" என்று சொல்லிக் கொடுங்கள். கணக்கைப் போட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும். பாடத்துக்குப் பாடமும் ஆயிற்று. நாளைய சமையலுக்கு யோசனையும் ஆயிற்று!